துப்பாக்கி ஒப்படைப்பு முகாம்: குற்றம் குறையுமா என்று கணக்குப் பார்ப்பதும் முகாமை ஒழுங்காக நடத்துவதும்

அமெரிக்க நகரங்களில் ஒரு பெரிய துப்பாக்கிச் சூடு நடந்தால் சில வாரங்களில் இப்படி ஓர் அறிவிப்பு வரும்: சனிக்கிழமை காலை தேவாலயத்துப் பார்க்கிங்கில் முகாம், வீட்டிலுள்ள துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுங்கள், யார் என்று கேட்கமாட்டோம், கையோடு கிஃப்ட் கார்டு தருவோம். அத்தகைய முகாமை நடத்த நினைக்கும் நகர மன்ற உறுப்பினர், மருத்துவமனை ஊழியர், தேவாலயக் குழு, குடியிருப்போர் சங்கம் ஆகியோருக்கானது இந்தக் குறிப்பு.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விருப்பப்பட்டு ஒப்படைக்கும் முகாம்கள், வழக்கமாக நடக்கும் முறையில், தெருவில் நடக்கும் துப்பாக்கிக் குற்றத்தைக் குறைப்பதில்லை. வீட்டில் யாருக்கும் வேண்டாமல் கிடக்கும் துப்பாக்கியை வெளியே எடுக்க அவை உதவும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு திட்டமிடுவதால்தான் பெரும்பாலான முகாம்களில் பணமும் உழைப்பும் வீணாகின்றன.

முதலில் கணக்கு

செலவுக்கு நன்கொடை திரட்டும் முன்பே, ஒரு தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2005-இல் காட்டிய வழி இது. 1999-இல் கைத்துப்பாக்கியால் நடந்த கொலைகள் ஏறத்தாழ 6,500. அப்போது நாட்டிலிருந்த கைத்துப்பாக்கிகள் சுமார் 7 கோடி. ஒவ்வொரு கொலைக்கும் வெவ்வேறு துப்பாக்கி என்று வைத்துக்கொண்டாலும், குறிப்பிட்ட ஒரு கைத்துப்பாக்கி அந்த ஆண்டில் ஒருவரைக் கொல்லும் வாய்ப்பு 10,000-இல் 1. முகாமில் 1,000 கைத்துப்பாக்கி சேர்ந்தால் ஆண்டுக்கு 0.1 கொலை, அதாவது பத்து ஆண்டுக்கு ஒன்று குறையலாம்.

இதற்கே மூன்று நிபந்தனைகள் பலிக்க வேண்டும். வந்த துப்பாக்கியும் தெருவில் சுடும் துப்பாக்கியும் ஒரே தன்மையுடையவையாக இருக்க வேண்டும். கொடுத்தவர் வேறொன்றை வாங்கக் கூடாது. வந்த துப்பாக்கி வேலை செய்ய வேண்டும். மூன்றுமே பெரும்பாலும் பலிப்பதில்லை. வழக்கமான முகாமில் 1,000 துப்பாக்கி சேர்வதும் அரிது. 2018-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கும் மேல். கிணற்றிலிருந்து இறைப்பதைவிட ஊற்று வேகமாகச் சுரக்கிறது.

நடந்தவையும் இதையே காட்டுகின்றன. 1974-இல் பால்டிமோர் காவல் துறை துப்பாக்கிக்கு 50 டாலர் கொடுத்து ஏறத்தாழ 13,500 துப்பாக்கிகளை வாங்கியது. திட்டம் நடந்த மாதங்களில் துப்பாக்கிக் கொலைகள் குறையவில்லை, கூடின. செயின்ட் லூயிஸ் 1991-இல் ஏறத்தாழ 7,500 துப்பாக்கிகளைச் சேர்த்தது. எண்ணிக்கையில் இது பெரிய வெற்றி. பின்னர் ஆராய்ந்தவர்களுக்குக் கொலையிலோ தாக்குதலிலோ குறைவு எதுவும் தென்படவில்லை. சியாட்டிலில் 1992-இல் 1,172 வந்தன, அங்கும் அப்படியே. 1991 முதல் 2015 வரை நடந்த 300-க்கும் மேற்பட்ட முகாம்களை ஒன்றாக வைத்து 2021-இல் பொருளாதார வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். துப்பாக்கிக் குற்றம் குறைந்ததற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. துப்பாக்கியால் நிகழும் தற்கொலையிலும் நகர அளவில் மாற்றம் தென்படவில்லை.

‘ஆஸ்திரேலியாவில் பலித்ததே’ என்று கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அது வேறு வகை. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின், அரைத் தானியங்கி (விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒன்று சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிள்கள் உட்படச் சில வகைகளை வைத்திருப்பதையே அங்கே தடை செய்தார்கள். உரிமமும் பதிவும் எல்லா மாநிலங்களிலும் கடுமையாயின. தடைக்குள் வந்த துப்பாக்கிகளுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது; 6 லட்சத்துக்கும் மேல் வந்தன. கொடுத்தவர் மறுநாள் கடைக்குப் போய் அதே வகையை வாங்க வழியில்லை. 2019-இல் கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பின் நியூசிலாந்து செய்ததும் இதே முறைதான். தடையும் உரிமமும் இல்லாத ஒரு சனிக்கிழமை முகாமை இவற்றோடு ஒப்பிடக் கூடாது.

எந்தத் துப்பாக்கி வருகிறது

மில்வாக்கியில் 1994, 1996 முகாம்களில் வந்த 941 கைத்துப்பாக்கிகளை, அதே வட்டாரத்தில் கொலைக்கும் தற்கொலைக்கும் பயன்பட்டவற்றோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். முகாமுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை சிறிய காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் சிறியவை. பழைய ரிவால்வர்கள் மிகுதி. கொலைக்குப் பயன்பட்டவற்றில் அரைத் தானியங்கிகளும் பெரிய காலிபரும் மிகுதி. தாத்தா இறந்த பிறகு அலமாரியில் கிடந்தது முகாமுக்கு வருகிறது; அண்மையில் கடையிலிருந்து கைமாறியது தெருவில் சுடுகிறது. 2017 முதல் 2021 வரை மத்திய அரசின் துப்பாக்கித் துறை தடம் பிடித்த குற்றத் துப்பாக்கிகளில் ஏறத்தாழ 46 சதவீதம், கடையில் விற்று மூன்று ஆண்டுக்குள் காவல் துறையிடம் சிக்கியவை.

ஆகவே தொடங்கும் முன் உள்ளூர்க் காவல் துறையிடம் ஓர் அட்டவணை கேட்டு வாங்குங்கள்: கடந்த 12 மாதங்களில் குற்றத்தோடு தொடர்புடையதாகக் கைப்பற்றிய துப்பாக்கிகள் எந்த வகை, எந்த காலிபர், கடையில் விற்று எத்தனை ஆண்டு ஆயிற்று. முகாம் முடிந்ததும் உங்கள் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கினால், வந்தது எதற்குச் சமம் என்று கடைசி வரை தெரியாது.

அப்படியானால் அலமாரித் துப்பாக்கியை எடுப்பது வீண் வேலையா? இல்லை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை இறந்துபோகிறார்கள். வேறு பல வழிகளில் முயல்பவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். 2017 முதல் 2021 வரையிலான ஐந்து ஆண்டுகளில் தனிநபர்களிடமிருந்து திருடுபோனதாகப் புகாரான துப்பாக்கிகள் 10 லட்சத்தைத் தாண்டும். மனம் தளர்ந்த ஒருவர் இருக்கும் வீட்டில், பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில், கடைசித் துப்பாக்கியும் வெளியேறினால் அந்த வீட்டுக்கு அது பெரிய மாற்றம். இங்கே முக்கியமான சொல் ‘கடைசி’. ஐந்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு நான்கை வைத்துக்கொள்ளும் வீட்டில் எதுவும் மாறவில்லை.

நோக்கத்தை ஒரே வரியில் எழுதி எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ‘வேண்டாத துப்பாக்கிகளை வீடுகளிலிருந்து பாதுகாப்பாக அகற்றுவது’ என்று எழுதினால் அதை உங்களால் நிறைவேற்ற முடியும். ‘நகரத்தில் கொலையைக் குறைப்பது’ என்று எழுதினால் முடியாது.

சட்டப் பக்கம்

துப்பாக்கியைத் தொண்டர்கள் கையில் வாங்கவே கூடாது. காவல் துறை வாங்க வேண்டும். பல மாநிலங்களில் தனியார் ஒருவர் துப்பாக்கியைப் பெறுவதே பின்னணிச் சோதனை தேவைப்படும் கைமாற்றம்.

வாங்கியதை அழிக்க உங்கள் மாநிலம் அனுமதிக்கிறதா என்று நகர வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். அரிசோனாவில் 2013-இல் வந்த சட்டப்படி, முகாமில் வந்த துப்பாக்கிகளை உள்ளாட்சி அழிக்க முடியாது. வணிகருக்கு விற்க வேண்டும். அத்தகைய இடத்தில் முகாம் நடத்தினால் நன்கொடையாளர் பணத்தில் வாங்கியது மறுபடி கடைக்கே போகும்.

‘கேள்வி கேட்கமாட்டோம்’ என்ற சொல்லின் எல்லையை அறிவிப்பிலேயே எழுதுங்கள். கொண்டுவருபவரின் பெயரைக் கேட்கமாட்டோம், அந்தத் துப்பாக்கியை வைத்திருந்ததற்காக வழக்குப் போடமாட்டோம் என்று அரசு வழக்கறிஞரின் கையெழுத்தோடு கடிதம் வேண்டும். அந்தத் துப்பாக்கியால் நடந்த பழைய குற்றத்துக்கு அது விலக்கு ஆகாது. திருட்டுப் பட்டியலில் சீரியல் எண் இருந்தால் அது உரியவருக்குத் திரும்பிப் போகும். குற்றத்தோடு தொடர்பிருந்தால் சான்றாகப் பாதுகாக்கப்படும். இதைத் தெளிவாகச் சொல்லாமல் பின்னால் யாரையாவது பிடித்தால், அடுத்த முகாமுக்கு யாரும் வரமாட்டார்கள்.

விலை: இங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறது

விலையில் ஒரு சிக்கல் உண்டு, அதை முழுதாக அவிழ்க்க முடியாது. 50 டாலர் வைத்தால் உடைசலும் துருவும் வரும். நல்ல கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் கடையில் அதைவிடப் பல மடங்குக்கு விற்பார். 500 டாலர் வைத்தால், மலிவு விலைத் துப்பாக்கியை வாங்கி வந்து உங்களிடம் லாபத்துக்குத் தள்ளுவார்கள். 2012-இல் சிகாகோவில் துப்பாக்கி உரிமை ஆதரவு அமைப்பு ஒன்று, துருப்பிடித்த துப்பாக்கிகளைக் கொண்டுவந்து 6,240 டாலருக்கான கார்டுகளை வாங்கிச் சென்று, இளைஞர்களுக்கான துப்பாக்கிப் பயிற்சி முகாமுக்குச் செலவிட்டது. 2022-இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் ஒருவர் முப்பரிமாண அச்சுப் பொறியில் அச்சிட்ட துப்பாக்கிகளையும் பாகங்களையும் கொண்டுவந்து 21,000 டாலர் மதிப்புள்ள கார்டுகளைப் பெற்றார். விதியில் இடம் இருந்ததால்தான் இரண்டும் நடந்தன.

எங்கள் பரிந்துரை இது. வேலை செய்யும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு அதிக விலை, ரிவால்வருக்கு அதற்கடுத்து, ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் குறைந்த தொகை. வேலை செய்யாதவை, வீட்டில் அச்சிட்டவை, தனிப் பாகங்கள், காற்றுத் துப்பாக்கிகள் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கிடையாது. ஒருவருக்கு 3 துப்பாக்கிக்கு மேல் கார்டு இல்லை. உரிமம் பெற்ற வணிகர்களுக்கு அறவே இல்லை. நகரத்தில் வசிப்பதற்கு ஒரு மின்கட்டண ரசீது போன்ற சான்றைக் காட்டினால் போதும், எழுதிக்கொள்ளக் கூடாது. பாஸ்டன் 2006-இல் கைத்துப்பாக்கிக்கு மட்டும் 200 டாலர் கார்டு கொடுத்தது, ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிக்குக் கொடுக்கவில்லை. 1,000-க்கும் மேல் சேர்ந்தன. அவற்றின் வகை, அந்நகரத்தின் 1990-களின் முகாம்களில் வந்தவற்றைவிடக் குற்றத் துப்பாக்கிகளுக்கு நெருக்கமாக இருந்தது. விலைப் பட்டியலை மாற்றினால் வருவது மாறும் என்பதற்கு இது நல்ல சான்று. கொலை குறைந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது.

மாசசூசெட்ஸின் வூஸ்டரில் மருத்துவர்கள் 2002 முதல் நடத்திவரும் திட்டத்தில் ரைஃபிளுக்கு 25, கைத்துப்பாக்கிக்கு 50, அரைத் தானியங்கிக்கு 75 டாலர் என்று சிறு தொகைகள்தான் கொடுத்தார்கள். அவர்கள் குறிவைப்பது வீட்டுக் காயங்களை. அந்த நோக்கத்துக்குச் சிறு தொகையே போதும்; ஒரே ஒரு நாளுக்கு லட்சக்கணக்கில் திரட்டுவதைவிட ஆண்டுதோறும் நடத்துவது மேல்.

கார்டு, துப்பாக்கியோ தோட்டாவோ விற்காத மளிகைக் கடையுடையதாக இருக்கட்டும். எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட 50 சதவீதம் கூடுதலாக வைத்திருங்கள். சியாட்டிலில் 2013 ஜனவரியில் கார்டுகள் தீர்ந்துபோய் முகாமை முன்கூட்டியே முடிக்க வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்களிடம் தெரு ஓரத்திலேயே தனியார் பணம் கொடுத்து நல்ல துப்பாக்கிகளை வாங்கிப் போனார்கள். வரிசை நீண்டால் இது நடக்கும். வாகனங்களைத் தெருவில் நிற்க விடாமல் பார்க்கிங்கின் உள்ளே வளைத்து நிறுத்துங்கள்.

முகாம் நாள்

ஒரு வாகனத்துக்கு 5 நிமிடம் என்று வைத்தால் ஒரு வரிசையில் மணிக்கு 12. மூன்று வரிசை, நான்கு மணி நேரம் என்றால் 144 வாகனம். இதற்கு மேல் எதிர்பார்த்தால் வரிசையைக் கூட்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

அறிவிப்பில் பெரிய எழுத்தில்: துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, வண்டியின் டிக்கியில் பையிலோ பெட்டியிலோ வைத்து வாருங்கள், தோட்டாவைத் தனிப் பையில் வையுங்கள், வண்டியை விட்டு இறங்காதீர்கள். எடுப்பதும் சோதிப்பதும் காவலர் வேலை. தோட்டாவை எடுக்கத் தெரியாவிட்டால் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்ற வரியையும் சேருங்கள். கணவரை இழந்த முதியவர்கள் பலருக்கு இது தேவைப்படும்.

எவ்வளவு சொன்னாலும் தோட்டாவோடு சில வரும். மணல் நிரப்பிய பீப்பாயை நோக்கிக் குழலை வைத்து, விரல் விசையில் படாமல், முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூடு) கழற்ற வேண்டும், பிறகுதான் ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பாகம்) இழுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை: மேகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியேறி அடுத்தது உள்ளே ஏறும், அதன் பின் மேகசினைக் கழற்றியதும் காலி என்று நினைப்பார்கள். தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பின்பே குழலில் பிளாஸ்டிக் கட்டு மாட்ட வேண்டும். வாய் வழியாகக் கரிமருந்து நிரப்பும் பழைய துப்பாக்கியில் மருந்து இருப்பது வெளியே தெரியாது. இடிகோலை விட்டு ஆழம் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். போர் நினைவாக வைத்திருந்த கையெறி குண்டுகளும் வருவதுண்டு. வெடிகுண்டுப் பிரிவின் தொலைபேசி எண் கையில் இருக்கட்டும். அப்படி ஒன்று வந்தால் வண்டியிலிருந்து எடுக்கவே கூடாது.

ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டி வகை, நிறுவனம், காலிபர், சீரியல் எண், வேலை செய்கிறதா என்பவற்றை எழுதுங்கள். கூடவே பெயரில்லாத ஒரு கேள்வித்தாள்: உங்கள் அஞ்சல் குறியீடு என்ன, இதை ஏன் கொடுக்கிறீர்கள், வீட்டில் வேறு துப்பாக்கி உண்டா, 18 வயதுக்குட்பட்டவர் உண்டா, வேறொன்று வாங்கும் எண்ணம் உண்டா. ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். ‘வேறு துப்பாக்கி உண்டு’ என்பவருக்கு அங்கேயே ஒரு பூட்டுப் பெட்டியோ கேபிள் பூட்டோ கொடுங்கள். கார்டைவிட இது மலிவு.

அழிப்பு

துப்பாக்கியின் பாகங்களில் ரிசீவர், அதாவது சீரியல் எண் பொறித்த உடல் பாகம், மட்டுமே அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி. ஆகவே அழிப்பு ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் அந்த ஒரு பாகத்தை மட்டும் நசுக்கிவிட்டுக் குழல், ஸ்லைடு, விசை எல்லாவற்றையும் உதிரிப் பொட்டலமாக விற்க முடியும். அப்படி விற்கப்பட்டது 2023-இல் பத்திரிகை விசாரணையில் வெளிவந்தது. இலவசமாக அழித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் ‘எல்லாப் பாகமும்’ என்று எழுதி, காவல் அதிகாரி முன்னிலையில் உருக்கவோ துண்டாக்கவோ வேண்டும். தீ வெட்டியால் அறுத்தால் ரிசீவரின் முக்கிய இடங்களில் குறைந்தது மூன்று வெட்டு, ஒவ்வொன்றிலும் கால் அங்குல உலோகமாவது உருகிப் போக வேண்டும். ரம்பத்தால் நேராக அறுத்ததை மறுபடி பற்றவைத்துவிடலாம்.

அளப்பது எப்படி

முகாமுக்குப் பின் மூன்று மாதத்தில் கொலை 15 சதவீதம் குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உங்கள் முகாமாகவே இருந்தாலும். ஆண்டுக்கு 60 கொலை நடக்கும் நகரத்தில், எதுவுமே மாறாவிட்டாலும், தற்செயலாகவே அந்த எண் 45-க்கும் 75-க்கும் இடையே ஆடும். ஆண்டுக்கு 0.1 என்ற விளைவு இந்த ஆட்டத்துக்குள் எங்கேயும் தெரியாது. முகாம்கள் பெரும்பாலும் கொலை உச்சத்தில் இருக்கும்போது அறிவிக்கப்படுகின்றன. உச்சத்துக்குப் பின் எண் தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தை முகாமின் கணக்கில் எழுதுவதுதான் வழக்கமான தவறு.

உங்களால் நேர்மையாக அளக்க முடிந்தவை: வேலை செய்யும் கைத்துப்பாக்கிகள் எத்தனை சதவீதம், கடைசித் துப்பாக்கியைக் கொடுத்த வீடுகள் எத்தனை, பிள்ளைகள் உள்ள வீடுகள் எத்தனை, எத்தனை பூட்டுகள் போயின, கார்டுக்கு எவ்வளவு செலவாயிற்று.

தெருவில் சுடுவதைக் குறைப்பதுதான் குறி என்றால் பணத்தை வேறிடத்தில் போடுங்கள். 1992-93-இல் கன்சாஸ் சிட்டியில் குற்றம் மிகுந்த ஒரு சிறு வட்டாரத்தில் 29 வாரம் துப்பாக்கிக்கென்றே கூடுதல் ரோந்து விட்டார்கள். கைப்பற்றியவை 46-லிருந்து 76 ஆயின, வெறும் 30 கூடுதல். துப்பாக்கிக் குற்றம் 49 சதவீதம் குறைந்தது. இடுப்பில் செருகித் தெருவில் திரிந்த 30, அலமாரியில் கிடந்த ஆயிரங்களைவிடக் கனமானவை. ஆனால் இத்தகைய ரோந்து கறுப்பின மக்களைக் காரணமின்றி நிறுத்திச் சோதிக்கும் பழக்கமாக மாறியதும் உண்டு. அந்த வட்டாரத்து மக்களைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. பாஸ்டனில் 1996-இல் தொடங்கிய திட்டம் சுடும் சில குழுக்களை நேரில் அழைத்து, நிறுத்தினால் உதவி, தொடர்ந்தால் குழு முழுவதன் மேலும் நடவடிக்கை என்று சொன்னது. இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள்.

முகாம் முடிந்து செய்தியாளர் வந்தால் சொல்ல வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்: ‘இத்தனை வீடுகள் வேண்டாத துப்பாக்கியை ஒப்படைத்தன, அவற்றில் இத்தனை வீடுகளில் இனித் துப்பாக்கியே இல்லை. குற்றம் குறையும் என்று நாங்கள் சொல்லவில்லை. இன்று வர முடியாதவர்கள் எந்த நாளிலும் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னால், வந்து எடுத்துக்கொள்வார்கள்.’ கடைசி வாக்கியத்துக்குக் காவல் துறையின் ஒப்புதலை முகாமுக்கு முன்பே வாங்கிவைத்திருக்க வேண்டும்.